டூட்டி மாறாத அம்மா: தமிழ்நாட்டிலிருந்து பலேர்மோவுக்குத் தத்துப்போன ஒரு சிறுமி பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் ஒரு சிறுவர் இல்லத்தில், வரவேற்பறைக் கதிரையில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிறுமி, இத்தாலியிலிருந்து தன்னைத் தேடி வந்திருந்த பெண்ணைக் கண்ட சில நிமிடங்களிலேயே “அம்மா” என்று கூப்பிட்டாள். நாற்பது தமிழ்ச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் குழந்தையின் வாயிலிருந்து முதலில் விளங்கிய சொல் அதுதான், அவர் அழுதுவிட்டார். கணவர் அந்த நேரத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பின்னர் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில், குடும்பநல நிலையத்து உளவியலாளர் அதை நல்ல தொடக்கம் என்று பதிவுசெய்தார். மொழிபெயர்ப்புக்கும் கலாசார இணைப்புக்குமாக அழைக்கப்பட்ட நானும் அதை மறு கேள்வி கேட்காமல் இத்தாலியத்தில் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை நாங்கள் நால்வருமே பிழையாக விளங்கிக்கொண்டோம் என்பது தெரிய ஆறு கிழமைகள் சென்றன.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சிசிலியில் குடியேறிய ஈழத்தமிழரில் ஒருத்தி. பலேர்மோவில் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்வதால் வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் என்று எங்கும் எங்களைப் போன்ற இணைப்பாளர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் தத்தெடுக்கப்பட்டு வந்த ஒரு பிள்ளையோடு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்தது எனக்கு இந்த ஒரு முறைதான். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், நாங்கள் செய்த பிழைகளில் பாதி தமிழ் தெரிந்த ஒருவர் மட்டுமே கண்டுபிடித்திருக்கக்கூடியவை என்பதே. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதுகிறேன்.

பின்னணி

சிறுமி ஏறத்தாழ இரண்டு வயதில் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவள். அதற்கு முந்தைய வாழ்வைப் பற்றி அவளது கோப்பில் இருந்தது நான்கு வரிகள். இந்தியாவில் கைக்குழந்தைகளைத் தத்தெடுக்க உள்நாட்டிலேயே தம்பதியர் நீண்ட காலம் காத்திருக்கிறார்கள். ஆகையால் வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்த பிள்ளைகளும், பிரிக்கக்கூடாத உடன்பிறப்புகளும், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளும்தான். இவள் அந்த முதல் வகையைச் சேர்ந்தவள்.

சட்ட நடைமுறையில் குறை எதுவும் இருக்கவில்லை. பெற்றோரின் தகுதியை இத்தாலியச் சிறுவர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றி இந்தியா 2003 இல் ஏற்றுக்கொண்ட ஹேக் உடன்படிக்கையின்படி இரு நாட்டு மைய அமைப்புகள் வழியாகவே எல்லாம் நடந்தது. இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் தடையின்மைச் சான்று அளித்தது. 2022 செப்டெம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை பிறப்பிக்கிறார் என்பதால் ஆட்சியர் அலுவலகத்தில் ஆணை வந்தது. பிள்ளை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முதலாம் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒன்றும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒன்றுமாக, பிள்ளையின் நிலை பற்றிய ஆறு அறிக்கைகள் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்பது விதி. அந்த அறிக்கைகளுக்காகவே முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

காகிதத்தில் இல்லாத ஒரு குறை மட்டும் இருந்தது. பெற்றோர் தங்கள் வீடு, சமையலறை, பூனை, பாட்டி என்று படம் ஒட்டி, தமிழில் பெயர் எழுதிய ஓர் அல்பத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். அது பிள்ளையின் கைக்குப் போனது அவர்கள் வந்து சேர இரண்டு நாள் இருக்கும்போது. ஒரு பிள்ளை நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பழகவேண்டிய முகங்கள் அவளுக்கு இரண்டே நாளில் படத்திலிருந்து எழுந்து வந்து நின்றன.

முதல் ஆறு கிழமைகள்

பெப்ரவரியில் வந்தாள். வீட்டில் நான் முதன்முதலாக அவளைக் கண்டபோது, மேசையருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். “உன்னோட கொஞ்சம் கதைக்கலாமா, பிள்ளை?” என்று கேட்டேன். உடனே நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் வாயைப் பார்த்தாள். சிறிது நேரம் கழிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது: யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது; அவளுக்கோ நான் கதை சொல்லப் போகிறேன். காகமும் வடையும் சொன்னேன். முடித்ததும் “நல்லா நித்திரை கொண்டியா?” என்றேன். “நித்திரைன்னா என்னக்கா?” என்றாள். ஒரே மொழி பேசுகிறவர் என்று நம்பி நிலையம் அழைத்திருந்த நானும் பாதி அந்நியள்தான் என்பதைச் சிறுமி அன்றே கண்டுகொண்டாள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஈழத்தமிழரையும் ஈழத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டவரையும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் நிலையங்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்; மாற்று ஆள் கிடைக்காவிட்டால், அனுப்பப்படுகிறவராவது அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பழகிக்கொண்டு போகவேண்டும். நான் அதன்பின் அப்படித்தான் செய்தேன்.

முதல் கிழமைகளில் அவளைப் போல் அடக்கமான பிள்ளை இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். யார் கை நீட்டினாலும் போனாள். மாடிப்படியில் சந்தித்த அயலவரின் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெற்றோர் மகிழ்ந்தார்கள், பாட்டியும் மகிழ்ந்தார். எனக்கும் உளவியலாளருக்கும் இந்தப் பணிவு ஓரளவு உறுத்தியது என்பது உண்மை; ஆனால் உறுத்தலை உறுத்தலாகவே வைத்திருந்தோம்.

வைத்தியப் பரிசோதனைகள் இந்தக் காலத்திலேயே முடிந்தன. குடற்புழு, இரத்தச்சோகை, ஈரல் அழற்சி, காசநோய், தடுப்பூசிகளின் நிலை, கண், காது என்று வழக்கமாகப் பார்ப்பவை எல்லாவற்றையும் பார்த்தார்கள். புழுவுக்கும் இரத்தச்சோகைக்கும் மருந்து கொடுத்தார்கள். வைத்தியர் இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லி வைத்தார். ஊட்டம் குறைந்த சூழலிலிருந்து வந்து விரைவாக வளரும் பெண்பிள்ளைகள் சிலர் முன்கூட்டியே பருவமடைகிறார்கள். இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்துப்போன சிறுமியரை ஆராய்ந்து 1991 இல் வெளியான ஆய்வில் அவர்கள் பூப்பெய்திய இடைநிலை வயது 11.6 என்றும், சிலர் எட்டு வயதுக்கும் முன்பே பூப்பெய்தியதாகவும் காணப்பட்டது. ஆகையால் உயரத்தையும் நிறையையும் ஒழுங்காக அளந்து வரச் சொன்னார்.

அந்தப் பரிசோதனைகளின்போதுதான் உண்மை வெளிப்பட்டது. இரத்தம் எடுத்த தாதியை அவள் “அம்மா” என்றாள். அடுத்த நாள் பாட்டியை “அம்மா” என்றாள். அடுத்த கிழமை, பல்லரோ சந்தையில் பழம் விற்ற பெண்ணையும். தாய் என்னிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவரது குரல் இறங்கியிருந்தது. நான் அன்று மாலையே போய்ச் சிறுமியிடம் இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் உருவானது: காலை அம்மா, நைட் அம்மா, சமையல் அம்மா, ஆபீஸ் அம்மா. பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. வீதியில் முன்பின் தெரியாத பெண்ணையும் “அம்மா” என்று விளிக்கும் எங்கள் மொழியில், அந்தச் சொல்லே இல்லத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் இருக்கும் பெண் என்று பொருள்பட்டுப் போயிருந்தது. எழுந்து புறப்படும்போது, தாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னிடம் கேட்டாள்:

“அக்கா, இந்த அம்மாவுக்கு டூட்டி எப்ப முடியும்?”

நான் இதுவரை மொழிபெயர்த்த வாக்கியங்களில் மிகக் கடினமானது அது. அந்த வீட்டில் நின்று அதை இத்தாலியத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. மறுநாள் உளவியலாளரின் அறையில், அவர் அருகிலிருக்க, தாய்க்கும் தந்தைக்கும் சொன்னேன். ஆறு கிழமைகளாகப் பிள்ளை காட்டியது பாசம் அல்ல, இரவுப் பணியாளர் வரும்வரை பகல் பணியாளரிடம் நல்ல பிள்ளையாக இருக்கும் பழக்கம் என்பது அவர்களுக்கு விளங்கியது. தந்தை கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் கேட்ட கேள்வி ஒன்றே: “மாறாத டூட்டி என்று எப்படிச் சொல்வது?” சொல்லிப் புரியவைக்கக்கூடியது அல்ல, நாள்தோறும் இருந்து காட்டவேண்டியது என்றார் உளவியலாளர். அதன்பின் நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அந்த ஒரு பதிலின் விரிவுதான்.

காலம் கடந்துவிட்டதா

தந்தை அதற்குள் இணையத்தில் ருமேனியாவின் சிறுவர் இல்லங்களைப் பற்றி வாசித்திருந்தார். அந்நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகள் இருந்தார்கள்; அவர்களில் ஒரு பாதியினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் பராமரிக்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் போனவர்களே பற்றுறவில், அதாவது வளர்ப்பவரோடு பாசப் பிணைப்புக் கொள்வதில், நன்றாகத் தேறினார்கள். எங்கள் பிள்ளைக்கு ஆறு வயது. காலம் கடந்துவிட்டதா என்று அவர் கேட்டார். லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளியிட்ட முடிவை உளவியலாளர் எடுத்துச் சொன்னார்: நாடு விட்டு நாடு தத்துப்போன பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாகவே பொருந்தி வாழ்கிறார்கள், உள்நாட்டில் தத்தெடுக்கப்பட்டவர்களைவிட அவர்களிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைவு.

எனக்கோ ஆய்வுகளைவிட வேறொன்று நம்பிக்கை தந்தது. ஒருநாள் காய்ச்சலில் இருந்த அவளைத் தாய் தூக்கியபோது, அவள் இடுப்பில் ஏறி, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு கையால் சட்டையின் தோள்பகுதியைச் சுருட்டிப் பிடித்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிடி அந்த வீட்டில் யாரும் கற்றுக் கொடுத்ததல்ல. கோப்பில் நான்கு வரியாக இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் யாரோ ஒருத்தி இவளை இடுப்பில் சுமந்திருக்கிறாள் என்றே நான் நினைக்கிறேன். உளவியலாளர் இதை அறிக்கையில் சேர்க்கவில்லை. அவரது எச்சரிக்கை நியாயமானது. நான் இங்கே சேர்க்கிறேன்.

இருந்து காட்டிய விதம்

முதலில் ஆட்களைக் குறைத்தோம். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கையில் எடுத்துக் கொஞ்சுவது நிறுத்தப்பட்டது. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, நித்திரையாக்குவது மூன்றையும் தாயும் தந்தையும் மட்டுமே செய்தார்கள். பாட்டிக்கு இது பெரும் வருத்தம். சிசிலியில் பேரப்பிள்ளையைப் பாட்டி ஊட்டாமல் இருப்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஆனால் அவர் பொறுத்துக்கொண்டார். பிள்ளைக்கு அருகே இருந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பதே அவருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு.

நித்திரை அடுத்தது. பெற்றோர் ஆசையோடு தனியறை அமைத்து, திரைச்சீலை போட்ட கட்டில் வாங்கியிருந்தார்கள். இல்லத்தில் அவள் இருபது பிள்ளைகளோடு வரிசையில் பாய் விரித்து, விளக்கு எரியும் கூடத்தில், இருபக்கமும் மூச்சுக் கேட்கப் படுத்தவள். தனியறை அவளுக்குத் தண்டனை. முதல் மாதத்தில் பல காலைகளில் பெற்றோரின் அறை வாசலில், வெறும் தரையில் அவள் சுருண்டு கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை. கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு, பெற்றோரின் அறையில் மெத்தையொன்றைத் தரையில் போட்டார்கள். அதில் பதினான்கு மாதங்கள் படுத்தாள்.

சாப்பாட்டில் தாய் ஒரு பிழை செய்தார், உடனே திருத்தியும் கொண்டார். தலையணை உறைக்குள் காய்ந்த பாண் துண்டுகள் கிடந்ததைக் கண்டு, எறும்பு வரும் என்று அலுமாரியைப் பூட்டினார். அன்றிரவு பிள்ளை சாப்பாட்டு மேசையில் வாந்தி எடுக்கும்வரை விழுங்கினாள். மறுநாள் பூட்டு எடுபட்டது. அவள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கூடை வைக்கப்பட்டது. அதில் பாணும் தோடம்பழமும் எப்போதும் இருக்கும், இரவிலும் இருக்கும், குறைந்தால் கேட்காமலே நிரம்பும். நான்கு மாதங்களில் தலையணைக்குள் எதுவும் இருக்கவில்லை. இத்தாலியர் பானே என்பதையும் யாழ்ப்பாணத்தார் பாண் என்பதையும் அவள் பிரெட் என்பதையும் வைத்து நாங்கள் மூவரும் அந்தக் கூடையருகே ஒரு விளையாட்டு விளையாடுவோம். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். கறிவேப்பிலையும் பருப்பும் சந்தையில் கிடைத்தன. ஆனால் அவள் உண்மையில் கேட்டது தயிர் சாதம். கடையில் இனிப்பில்லாத தயிரைத் தேடிப் பிடித்து, சோற்றைக் குழையவிட்டு, உப்புப் போட்டுப் பிசைய நான் தாய்க்குக் காட்டினேன். கரண்டியால் கிளறியதை அவள் தொடவில்லை. தாய் கையால் பிசைந்ததைத் தின்றாள்.

சைகைகளாலும் வீண் துன்பம் நேர்ந்தது. சரி என்று அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். சிசிலியர் நாடியை மேலே தூக்கி நாக்கைத் தட்டுவது இல்லை என்பதற்கு. அவளுக்கு அது சலிப்பு, வெறுப்பு. தந்தை ஒன்றுக்கும் கோபிக்காமலே தன்மேல் எரிச்சல்படுகிறார் என்று அவள் பல கிழமைகள் நினைத்திருக்கிறாள். திட்டும்போது கண்ணைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்ததைப் பொய்க்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டதும் இவ்வகையே. இவற்றை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

பலித்தவற்றில் முதன்மையானது தலைமுடி. கட்டிப்பிடிப்பதையும் முத்தமிடுவதையும் அவள் மரம்போல் நின்று ஏற்றுக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போடுவார்கள் என்று ஒருமுறை சொன்னாள். தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கி வந்தோம். அது மார்ச் மாதக் குளிரில் உறைந்து வெள்ளையாக இருந்தது. போத்தலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி உருகவைப்பதை அவளே தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். தாய் கதிரையிலும் அவள் தாயின் முழங்கால்களுக்கு நடுவே நிலத்திலுமாக உட்கார, உச்சியில் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, சிக்கு எடுக்கும்போது வேரைப் பிடித்துக்கொண்டு வாரினார். முகத்தை முகம் பார்க்கவேண்டியதில்லை, பேசவேண்டியதும் இல்லை, ஆனால் அரைமணி நேரம் ஒரே ஆளின் கை தலையில் இருக்கிறது. நாள்தோறும் காலையில் இது நடந்தது. பற்றுறவை வளர்க்கப் பயிற்சிகள் பல உண்டு. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்தியது ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மொழி போன காலம்

நான்காம் மாதத்திலிருந்து அவள் மாறினாள். கடையில், காரில், மாடிப்படியில் என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை விழுந்து புரண்டு கத்தினாள். ஒருமுறை இரண்டு மணித்தியாலம் நீடித்தது. பெற்றோர் தாங்கள் ஏதோ கெடுத்துவிட்டதாகப் பயந்தார்கள். நான் என் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மார்ச் மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன வாக்கியங்கள் நீளமானவை. மே மாதத்தில் மூன்று சொல். ஜூனில் நான் தமிழில் கேட்டால் தலையாட்டுகிறாள், பதில் வருவதில்லை. இத்தாலியமோ இன்னும் வா, தா, வேண்டாம் என்ற அளவில்தான். ஒரு மொழி வடிந்துகொண்டிருக்க, மற்றது இன்னும் ஊறவில்லை. நடுவில் ஒரு பிள்ளை, தன் கோபத்தையும் பயத்தையும் சொல்ல எந்த மொழியும் இல்லாமல் நின்றாள். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இரண்டாவது மொழியைச் சேர்த்துக்கொள்வதில்லை, முதல் மொழியை இழந்துகொண்டே புதியதைப் பெறுகிறது. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது மிகப் பெரிய உதவி.

தமிழைக் காப்பாற்ற நான் கிழமைக்கு இருமுறை வருகிறேன் என்றேன். உண்மையில் அந்த ஆசை எனக்கே அதிகம். உளவியலாளர் என்னிடம் பாரிசில் நடந்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார்: மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போய் வளர்ந்த எட்டுப் பேருக்குக் கொரியத்தைக் கேட்கவைத்தபோது, அவர்களின் மூளையில் பிற பிரெஞ்சுக்காரரிடம் காணாத எதுவும் காணப்படவில்லை. மொன்றியலில் 2014 இல் வெளியான இன்னொன்று சற்று ஆறுதல் தரும்: சீனாவிலிருந்து குழந்தையாக வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரின் மூளை, சீன மொழியின் தொனிகளைச் சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே ஏற்றது. வெளியில் தெரியாவிட்டாலும் ஏதோ தங்குகிறது. ஆயினும் வீட்டில் தமிழ் பேச ஆளில்லாதபோது, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வந்து போகும் நான் அவளது தமிழைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாள் எடுத்தது.

அதற்கு முன் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். ஜூலை மாதம், தாயின் ஐந்து மாதத் தத்து விடுமுறை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அதே கிழமை. இரண்டாம் அறிக்கைக்கான தகவலும் படமும் எடுக்க, கையில் கோப்பும் கறுப்புப் பையும் கமராவுமாகப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் உள்ளே ஓடினாள். சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில், ஒரு பூனை புகும் இடத்தில் புகுந்திருந்தாள். நான் குனிந்து தமிழில் கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே ஒடுங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, “நொன் வாதோ” என்றாள். போகமாட்டேன். அவள் எனக்குச் சொன்ன முதல் முழு இத்தாலிய வாக்கியம் அது.

இல்லத்தில் பையும் கோப்பும் தமிழுமாக ஒரு பெண் வந்து படம் எடுத்தால் அடுத்த மாதம் ஒரு பிள்ளை இல்லாமல் போகும். அவளுக்குத் தெரிந்த உலகம் அதுதான். அம்மா டூட்டி முடிந்து போய்விட்டாள், அழைத்துப் போக ஆள் வந்துவிட்டது: அவளது கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டையும் ஒரே கிழமையில் வைத்தது நாங்கள்.

அதன்பின் உளவியலாளர் ஒழுங்குகளை மாற்றினார். தாய் வேலைக்குத் திரும்புவதை இரண்டு கிழமைகள் தள்ளி, பிறகு நாளுக்கு இரண்டு மணித்தியாலம், நான்கு மணித்தியாலம் என்று கூட்டினார்கள். காலையில் தாய் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். படங்களைத் தந்தையே எடுத்தார். நான் பையில்லாமல், கோப்பில்லாமல் வந்தேன். வந்ததும் தாய் சத்தமாகச் சொல்லவேண்டியது: இவர் தேநீர் குடிப்பார், ஐந்து மணிக்குத் தன் வீட்டுக்குத் தனியாகப் போவார். ஐந்து மணிக்குச் சிறுமியே கதவு வரை வந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு, சாவியை இரண்டு முறை திருப்புவாள். படிக்கட்டில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். முதலில் வலித்தது. அந்தச் சாவி அவள் கையில் இருப்பது நல்லது என்பது பிறகு தெளிவாயிற்று.

பாடசாலையும் மலையும்

உடனே பாடசாலையில் சேர்த்தால் மொழி வரும் என்று பலர் சொன்னார்கள். இத்தாலியக் கல்வி அமைச்சு தத்துப் பிள்ளைகளுக்காக 2014 இல் வெளியிட்ட வழிகாட்டல், வெளிநாட்டிலிருந்து வந்த சிறு பிள்ளைகளை வந்து பன்னிரண்டு கிழமைகளுக்கு முன் சேர்க்கவேண்டாம் என்கிறது. இவர்கள் செப்டெம்பர் வரை காத்திருந்து, ஒரு வயது இளையவர்களோடு முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். நல்ல முடிவு. வகுப்பில் அவள் பின்தங்கியது பெரிதாகத் தெரியவில்லை. தாய் எப்போது வருவார் என்பதை மணிக்கூட்டில் பார்க்கப் படித்ததுதான் அவளுக்கு முதல் பாடமாக இருந்தது.

நிறம் பற்றிய கேள்வி குளிர்காலத்தில் வந்தது. குளிக்கும்போது தாயின் கையருகே தன் கையை வைத்துப் பார்த்து, நான் எப்போது உன்னைப்போல் ஆவேன் என்று கேட்டாள். தாய் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் எனக்கு எழுதினார். பதிலாகச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. பலேர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி, நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போவது வழக்கம். ஒரு ஞாயிறு பெற்றோரோடு அவளையும் வரச் சொன்னேன். நான் தள்ளியே நடந்தேன். அங்கே தன் நிறத்தில் பிள்ளைகள், தன்னைப் போல் எண்ணெய் வைத்துப் பின்னிய தலைகள், பலேர்மோ வழக்கில் கத்திக்கொண்டு படியேறுவதை வாய்பிளந்து பார்த்தாள். அவர்களில் யாரையும் யாரும் கொண்டுபோக வரவில்லை. மாலையில் இறங்கும்போது ஒரு சிறுமியோடு கை கோத்திருந்தாள். அதன்பின் மாதம் ஒருமுறையாவது போனார்கள்.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு மாற்றத்தைத் தாய் கவனித்தார். “அம்மா” என்ற சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது. தாதி, ஆசிரியை, பாட்டி ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் வந்திருந்தது. தாயை மட்டும் “மம்மா” என்றாள். முதல் நாள் கேட்ட தமிழ்ச் சொல் இனி வராது என்பதில் தாய்க்குச் சிறு கவலை இருந்தது. மம்மா என்ற சொல்லை அவள் வேறு யாருக்கும் சொல்லிக் கேட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் தாய்க்கு ஒரு சிறு சத்திரசிகிச்சை. மூன்று நாள் வைத்தியசாலை. எந்த நாள் போகிறார், எந்த நேரம் திரும்புகிறார் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். கழுத்துத் துணி அவள் கையில் இருந்தது. மூன்று நாளும் அமைதியாக இருந்தாள். தாய் வாசலில் கால் வைத்ததும் அவள் தன் சப்பாத்தைக் கழற்றி அவர்மேல் எறிந்தாள். பிறகு மேசைக்கடியில் போய் உட்கார்ந்து, மாலை வரை ஒரு சொல் பேசவில்லை. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதோ என்று தந்தை பதறிப்போய் உளவியலாளரை அழைத்தார். டூட்டி மாறிப் போகும் ஆயாமேல் எந்தப் பிள்ளையும் சப்பாத்து எறிவதில்லை என்று அவர் சொன்னதாகத் தந்தை பின்னர் என்னிடம் கூறினார்.

இருட்டிய பிறகு அவள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். சமையலறையில் எண்ணெய்ப் போத்தலை வெந்நீரில் நிறுத்தினாள். உருகியதும் அதையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு போய், தாயின் முழங்கால்களுக்கு நடுவே, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.